ஸ்வாப் எடுப்பதிலிருந்து 12ஆம் மாத மறுபரிசோதனை வரை: எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களும் எச்.பி.வி.யும்

எச்.பி.வி. என்பது உடலுறவால் பரவும் ஒரு வைரஸ்; அது விலகாமல் தங்கினால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், இவர்களுக்கு மட்டும் 30 வயதுவரை காத்திருக்க வேண்டாம், 25இலேயே கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தொடங்குங்கள் என்கிறது. கருப்பை வாய் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியரைவிட, வைரஸின் மரபணுவைத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கே முதலிடம். நெகட்டிவ் என்றால் அடுத்தது 3 முதல் 5 ஆண்டுகளுக்குள்.

யோனிக்குள் ஸ்வாப் (பஞ்சு போன்ற நுனியுள்ள குச்சி) விட்டு மாதிரியை நீங்களே எடுக்கலாம், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் பார்க்கும்போது மருத்துவர் எடுத்த மாதிரிக்கு அது சளைத்ததல்ல. முந்தைய 2 நாள் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம், உடலுறவு எதுவும் வேண்டாம். உள்ளே நீர் விட்டுக் கழுவுவதை எப்போதுமே விட்டுவிடுவது நல்லது. மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். ஒரு காலை உயரமாக வைத்தோ குந்தியோ, ஸ்வாபின் நுனியைத் தொடாமல் 4, 5 செ.மீ. உள்ளே விட்டு, சுவரில் உரசும்படி 20, 30 விநாடி சுழற்ற வேண்டும். வலிக்கும் என்ற பயத்தில் வாசலிலேயே தொட்டு எடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குழாயில் போட்டு, கோடு உள்ள இடத்தில் முறித்து, மூடியை இறுக்குங்கள். கசிந்த குழாயை லேப் வாங்காது.

ரிப்போர்ட்டில் 'செல்லாது' என்று வந்தால் அது நெகட்டிவ் அல்ல. மாதிரியில் மனித செல்கள் இருக்கின்றனவா என்று கருவி ஒரு மனித மரபணுவையும் சேர்த்தே தேடும். அது கிடைக்கவில்லை என்று பொருள். செல்கள் போதாமை, அதிக ரத்தம், வழவழப்பு ஜெல் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். மறுபடி எடுக்க வேண்டியதுதான். இன்னொன்று: நீங்களே எடுத்த இந்த மாதிரியில் பாப் ஸ்மியர் பார்க்க முடியாது. அதற்குக் கருப்பை வாயிலிருந்தே செல்களைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

இனி யோனியில் வாழும் நுண்ணுயிர்கள். லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற நல்ல பாக்டீரியா நிறைந்த இடத்தில் லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4.5க்குக் கீழே நிற்கும். அது குறைந்து கார்ட்னரெல்லா, பிரிவோட்டெல்லா, ஸ்னீத்தியா போன்றவை பெருகினால், அவற்றில் சில சியாலிடேஸ் என்ற நொதியால் சளிப் படலத்தை அரிக்கின்றன, அழற்சியும் கூடும். இப்படிப்பட்ட கலவை உள்ளவர்களிடம் எச்.பி.வி. தொற்றும் அது விலகாமல் தங்குவதும் அதிகம் காணப்படுகின்றன. எச்.ஐ.வி.யால் சி.டி.4 என்ற நோயெதிர்ப்பு செல்கள் குறைந்திருந்தால், வைரஸைத் துடைத்தெறிய வேண்டிய படையே மெலிந்திருக்கிறது. ஆனால் எது எதற்குக் காரணம் என்பது இன்னும் முழுதாகப் பிரிபடவில்லை. பாக்டீரியாவைச் சரிசெய்தால் எச்.பி.வி. போய்விடும் என்று யாராவது புரோபயாட்டிக் விற்றால் வாங்காதீர்கள்.

இந்தப் பாக்டீரியாச் சமநிலைக் குலைவு, அதாவது பாக்டீரியல் வெஜினோசிஸ், உண்டா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பி.எச். தாளைப் பக்கச் சுவரில் ஒற்ற வேண்டும். கருப்பை வாய்ச் சளியில் பட்டால், அல்லது ரத்தமோ விந்தோ கலந்தால், எண் பொய்யாக ஏறும். கசிவில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன் கவுச்சி எழுந்தால் அது ஓர் அடையாளம். மைக்ரோஸ்கோப்பில், ஓரம் தெளிவாக இருக்க வேண்டிய செல், ஈரக் காகிதத்தில் மணல் அப்பியதுபோல் மங்கித் தெரியும். கிராம் சாயமிட்ட ஸ்லைடில், பாக்டீரியா வகைகளை எண்ணிப் போடும் நியூஜென்ட் மதிப்பெண் 7 முதல் 10 என்றால் வெஜினோசிஸ். லாக்டோபேசில்லஸ் ஐனர்ஸ் இங்கே ஏமாற்றும்: குட்டையாக, சாயம் சரியாகப் பிடிக்காமல் வேறு கிருமிபோல் தெரியும். லாக்டோபேசில்லஸுக்கென்றே உள்ள வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் வளராததால் 1999வரை அதற்குத் தனிப் பெயரே இல்லை. தொந்தரவு இருந்தால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் 500 மி.கி., நாளுக்கு 2 வேளை, 7 நாள். எச்.ஐ.வி. இருப்பதால் அளவு மாறாது. மூன்றாம் நாளே நாற்றம் போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். முழுதாகச் சாப்பிட்டாலும் பாதிப் பேருக்கு மேல் ஓராண்டுக்குள் திரும்ப வருகிறது.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்பது புற்றுநோய் அல்ல. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உடனே சிகிச்சைக்குப் போகாமல் நடுவில் இன்னொரு சோதனை வைப்பதே பரிந்துரை. எச்.பி.வி.யின் 16, 18 வகைகளா என்று பார்ப்பது ஒரு வழி. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இவ்விரண்டால்தான். கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி, கோளாறான இடம் வெளுக்கிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது இன்னொன்று. அந்த ஒரு நிமிடத்தை அவசரத்தில் விழுங்கினால் வெண்திட்டு தப்பிவிடும். அழற்சி இருந்தாலும் மங்கலாக வெளுக்கும் என்பதால், சந்தேகமிருந்தால் கால்போஸ்கோபியும் (பெரிதாக்கிப் பார்ப்பது) பயாப்சியும் (சிறு திசு எடுத்துச் சோதிப்பது).

திட்டு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, கருப்பை வாயின் கால்வாய்க்குள் நுழையாமல், புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால் வெப்ப முறையில் சுடலாம்: 100 டிகிரி, 20 முதல் 40 விநாடி. இல்லையென்றால் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். பிறகு சில வாரம் நீராகக் கசியும். 4 வாரம் உடலுறவு வேண்டாம். முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம், ஏனெனில் ஆறாத புண்ணிலிருந்து எச்.ஐ.வி. வெளிப்படலாம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளையும் விடாதீர்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை அகற்றாது, போடுவதானால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு டோஸ் போதாது, குறைந்தது 2, முடிந்தால் 3.

பலர் நழுவுவது கடைசிப் படியில். சிகிச்சை எடுத்தவர் 12ஆம் மாதம் ஒருமுறை, அடுத்த 12 மாதம் கழித்து இன்னொருமுறை எச்.பி.வி. பார்க்க வேண்டும்; இரண்டும் நெகட்டிவ் ஆனால்தான் 3-5 ஆண்டு இடைவெளிக்குத் திரும்பலாம். எச்.பி.வி. பாசிட்டிவ், அடுத்த சோதனையில் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டவருக்கும் அந்த முதல் 12ஆம் மாத மறுபரிசோதனை உண்டு. ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கும் அட்டையின் முதல் பக்கத்திலேயே அந்தத் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். கருப்பை வாய் ரிப்போர்ட் பெரும்பாலும் வேறொரு ஃபைலில்தான் கிடக்கும்.