அசுவினிக்கு முன்னால் எறும்பைப் பாருங்கள்

மார்கழி, தை வந்தால் போதும், மதுரை திருநகரில் எங்கள் மாடி அவரைப் பந்தலுக்கு அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் வந்துவிடும். பூக்காம்பே தெரியாதபடி கறுப்பாக அப்பிக்கொண்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் பளபளவென்று கறுத்திருப்பது தாய். சுற்றிலும் சாம்பல் பூத்தாற்போல இருப்பவை குஞ்சுகள். நம் ஊர் வெக்கையில் இதற்கு ஆண் துணையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். நேரே குட்டி போடும். அந்தக் குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும்.

நான் முதலில் தேடுவது எறும்பைத்தான். அசுவினி சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வந்தால் விரட்டும். கீழ் இலையெல்லாம் பிசுபிசுத்துப் பிறகு கரும்பூசணம் படர்வதும் அந்த நீரால்தான். எங்கள் தொட்டிகள் இரும்பு ஸ்டாண்டில் இருக்கின்றன. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோல, நான்கு காலுக்கும் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கொசு வராமலிருக்க இரண்டு சொட்டு எண்ணெய். ஆனால் பந்தல் கயிறு எங்காவது சுவரைத் தொட்டால் எல்லாம் வீண். அந்த இடத்தில் வேப்பெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிவிடுவேன்.

"ஏம்மா, முள்ளு முள்ளா ஒரு புழு ஊருது, நசுக்கிரவா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தாச்சி.

"ஐயோ, விட்டுருங்க அத்தாச்சி. அது பொறிவண்டுக் குஞ்சு. அசுவினியைத் திங்கத்தான் வந்திருக்கு."

கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால், அசுவினிக் கூட்டத்துக்குள்ளேயே நடமாட்டம். இதைக் கண்டால் அந்தக் கொடியில் எதையும் தெளிக்க மாட்டேன். மற்ற கொடிகளில் காலையில் ஹோஸால் இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினால் அசுவினி பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். மதுரை வெயிலில் அடித்தால் இலை கருகும். யூரியா போட்டுத் தளதளவென்று வளர்த்த கொடியில்தான் அசுவினி அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிளகாயில் மட்டும் இந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. அங்கே அசுவினி வைரஸையும் கடத்தும். இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருங்கினால், செடியைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டுவிடுவேன். அதற்கு மருந்து இல்லை.