கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து வாங்குமுன்

தோட்டாவை நீங்களே நிரப்பத் தொடங்கி, "9 மி.மீ.க்கு எந்த வெடிமருந்து நல்லது?" என்று கேட்டதும் ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்பவரை நம்பாதீர்கள். எந்தத் துப்பாக்கி, எத்தனை கிரெயின் (சிறிய எடை அலகு) புல்லட் (தோட்டாவிலிருந்து பறக்கும் குண்டு), என்ன வேகம், எதற்காகச் சுடுகிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் கடை அலமாரியில் இருக்கும் முப்பது நாற்பது டப்பாக்கள் ஐந்தாறாகக் குறையும். அந்த ஐந்தாறில் எதை எடுப்பது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகமோ விலையோ பிறகு. கேஸுக்குள் (தோட்டாவின் கூட்டுக்குள்) அந்த மருந்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இது அமெரிக்க நிலவரம். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசு உரிமம் தேவையில்லை. விற்பதானால் தேவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

நிரப்பு எடைகளை, அதாவது இந்தப் புல்லட்டுக்கு இந்த மருந்து இத்தனை கிரெயின் என்ற செய்முறையை, இங்கே தரப்போவதில்லை. அதற்கு மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. புல்லட் தயாரிப்பாளரின் கையேடும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவற்றில் சொன்ன தொடக்க எடையிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. உச்ச எடை மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்து பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கிரெயின் எண்கள் மருந்தின் பருமனைக் காட்டும் கணக்குக்காக மட்டுமே.

எரிவேக அட்டவணையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். புல்ஸ்ஐ, டைட்குரூப், ரெட் டாட் போன்றவை வேகமாக எரிபவை. எச்பி-38, யூனிக் ஆகியவை நடுத்தரம். ஆல்லியன்ட் 2400, எச்-110 போன்றவை மெதுவானவை. அட்டவணை சொல்வது இந்த வரிசையை மட்டுமே. பதினைந்தாம் இடத்தில் இருப்பதற்கும் பதினாறாம் இடத்தில் இருப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அது சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் முன்னால் நிற்கும் மருந்து இன்னொன்றில் பின்னால் நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக ஒன்றின் எடையை இன்னொன்றுக்குப் போடுவது துப்பாக்கியை உடைக்கும் வழி. எச்பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே மருந்து. எச்-110, வின்செஸ்டர் 296 இரண்டும் அப்படியே. தயாரிப்பாளரே ஒன்றென்று காட்டும் இத்தகைய ஜோடிகளைத் தவிர, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பெயர்க் குழப்பமும் உண்டு. கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ் மூன்றும் மூன்று வேறு மருந்துகள். டைட்குரூப் வேறு, டைட்வாட் வேறு.

வேகமாக எரியும் மருந்தைப் போட்டிக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பான யூஎஸ்பிஎஸ்ஏ நடத்தும் போட்டியில் மைனர் பிரிவுக்கு பவர் ஃபேக்டர் 125 வேண்டும். புல்லட்டின் கிரெயின் எடையை அடி/வினாடி வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது அது. 124 கிரெயின் புல்லட் 1050 அடி வேகத்தில் போனால் 130. 147 கிரெயின் புல்லட்டுக்கு அதே 130-ஐ எட்ட 885 அடி போதும். இந்த வேகத்தை வேகமான மருந்து குறைந்த எடையிலேயே தந்துவிடுகிறது. பின்னுதைப்பில் புல்லட்டின் பங்கு மட்டுமல்ல, குழல் வாயிலிருந்து பீறிடும் வாயுவின் பங்கும் உண்டு. மருந்து குறைந்தால் வாயுவும் குறையும், அதனால் கையில் மென்மையாகத் தெரியும். கனமான புல்லட்டோடு வேகமான மருந்து என்ற சேர்க்கை 9 மி.மீ. போட்டித் தோட்டாவில் பிரபலமானது இதனால்தான். பின்லாந்தின் விஹ்டவூரி என்320-க்கு இருக்கும் பெயரும் இப்படி வந்தது. ஆனால் குழல் முனையில் காம்பென்சேட்டர் (வாயுவை மேலே திருப்பித் துப்பாக்கி எழும்புவதை அடக்கும் கருவி) வைத்த துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அந்தக் கருவிக்கு வேலை செய்ய வாயு வேண்டும், ஆகவே மெதுவான மருந்துதான் பொருந்தும்.

இனி பருமனுக்கு வருவோம். ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷலின் கேஸ் உள்ளளவு ஏறக்குறைய 1.5 சிசி. கருமருந்துக் காலத்துத் தோட்டாக்களின் வழியில் வந்தது என்பதால் அந்தக் கேஸ் அத்தனை நீளம். டைட்குரூப் ஒரு கிரெயின் சுமார் 0.085 சிசி இடம் பிடிக்கும். மூன்றரை கிரெயின் என்றால் 0.3 சிசி, அதாவது கேஸின் ஐந்தில் ஒரு பங்கு. தவறுதலாக இரண்டு தடவை விழுந்தாலும் 0.6 தான். மூன்று தடவை விழுந்தாலும் 0.9 தான், வழியாது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தக் குறுகிய குழிக்குள் 0.3-க்கும் 0.6-க்கும் உள்ள வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும். புல்லட்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். .38 ஸ்பெஷலுக்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா தர அமைப்பு வகுத்த அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). இரட்டை நிரப்பு அந்த வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். சிலிண்டர் பிளந்து மேல்பட்டை பிய்ந்த ரிவால்வர் படங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

அதே கேஸில் ட்ரெயில் பாஸ் மூன்றரை கிரெயின் போட்டால் 0.76 சிசி, பாதிக் கேஸ். குட்டி உளுந்துவடை போல நடுவில் துளை வைத்த மணிகள் அவை. பருமனுக்காகவே, குறைந்த வேக கௌபாய் போட்டித் தோட்டாக்களுக்காக அப்படிச் செய்தார்கள். இரண்டாம் முறை விழுந்தால் மருந்து விளிம்பை எட்டிவிடும், புல்லட்டை வைக்கவே முடியாது. தவறு மேசையிலேயே பிடிபடும். கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.

9 மி.மீ. லூகரில் கேஸ் சிறியது, சுமார் 0.86 சிசி. இங்கே டைட்குரூப் 4 கிரெயின் 0.34 சிசி. இரட்டையானாலும் 0.68 தான், வழியாமல் உள்ளேயே நிற்கும். எச்பி-38 நாலரை கிரெயின் சுமார் 0.42, இரட்டையானால் ஏறக்குறைய வாய்வரை வரும். யூனிக் 5 கிரெயின் 0.55, இரட்டையானால் மேசையில் கொட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 9 மி.மீ.க்கு நான் எச்பி-38 அல்லது அதைவிடப் பருமனானதைச் சொல்வது இதற்காகத்தான். டைட்குரூப் மோசமான மருந்தல்ல. கேஸில் முன்னால் கிடந்தாலும் பின்னால் கிடந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி எரிகிறது, பெரிய கேஸில் சிறு அளவு போடும்போது அது பெரிய குணம். விலைக்கும் கட்டுபடியாகும்: ஒரு பவுண்டில் 7000 கிரெயின், 4 கிரெயின் வீதம் 1750 தோட்டா. ஆனால் அது மன்னிக்காத மருந்து. சூடாகவும் எரியும், பூச்சு பூசிய ஈயப் புல்லட்டில் புகை கூடுதலாக வரும்.

எந்த மருந்தானாலும் கண்ணால் பார்க்காமல் புல்லட்டை வைக்காதீர்கள். உங்கள் பிரஸ் (தோட்டா நிரப்பும் கைப்பிடி இயந்திரம்) ஒரு தடவைக்கு ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை வகை என்றால் ஐம்பது கேஸையும் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பாருங்கள். மட்டம் மாறியிருப்பது சட்டென்று தெரியும். ஒவ்வொரு இழுப்பிலும் எல்லா வேலையும் நடக்கும் புரோகிரசிவ் பிரஸ் என்றால் மருந்து மட்டம் பார்க்கும் டை (பிரஸ்ஸில் பொருத்தும் கருவி) ஒன்றுக்கு ஒரு நிலையை ஒதுக்குங்கள். இரட்டை நிரப்பு பெரும்பாலும் நடப்பது பிரஸ் இடையில் சிக்கி, கைப்பிடியைப் பாதியில் தூக்கி, மறுபடி இறக்கும்போது. சிக்கினால் எல்லா நிலைகளிலும் இருக்கும் கேஸ்களை எடுத்து, மருந்தைத் திருப்பிக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். எதிர்த்திசைத் தவறும் அதே அளவு கொடியது. மருந்தே விழாத கேஸில் பிரைமர் (கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) மட்டும் வெடித்துப் புல்லட்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். சத்தம் மந்தமாகக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடாதீர்கள். குழலைத் துழாவிப் பார்க்காமல் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும்.

மருந்து குறைந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு எச்-110 ஒரு விதிவிலக்கு. .357 மேக்னம், .44 மேக்னம் இரண்டிலும் முழு வேகம் வேண்டுமென்றால் அதற்கு இணை குறைவு. ஆனால் கேஸ் நிறைய வேண்டும், கனமான புல்லட் வேண்டும், மேக்னம் பிரைமர் வேண்டும், கிரிம்ப் (கேஸின் வாயைப் புல்லட்டைச் சுற்றி அழுத்துவது) இறுக்கமாக வேண்டும். அட்டவணை எடையிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. குறைத்தால் பற்றவைப்பு தடுமாறும், பாதி எரியாமல் நிற்கும், புல்லட் குழலில் தங்கும். மேலே சொன்ன பத்து சதவீத விதியை இங்கே போடாதீர்கள். மேக்னம் கேஸில் நடுத்தர வேகம் போதுமென்றால் 2400 அல்லது யூனிக் பக்கம் போங்கள்.  இரண்டு அங்குலக் குழல் ரிவால்வரில் மெதுவான மருந்து போட்டால் கண் கூசும் தீச்சுடர் வரும், நீளக் குழலில் கிடைக்கும் வேகம் கிடைக்காது.

மணியின் வடிவம், மருந்தை அளந்து கேஸில் ஊற்றும் அளவியில் தெரியும். எச்பி-38, எச்-110 போன்ற உருண்டை மணி மருந்துகள் தண்ணீராக ஓடும், பத்தில் ஒரு கிரெயினுக்குள் நிற்கும். யூனிக்கின் பெரிய செதில்கள் அளவியின் கழுத்தில் கோத்துக்கொள்ளும். ஒரு கேஸுக்குக் குறைத்துப் போட்டு அடுத்ததற்குக் கூட்டிப் போடும். 4 கிரெயின் நிரப்பில் 0.1 கிரெயின் என்பது இரண்டரை சதவீதம், அலட்சியப்படுத்த முடியாது. கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இழுத்து மேலே ஒரே மாதிரி தட்டினால் யூனிக்கும் பணியும். அளவியைத் திருத்தும்போது ஒரு நிரப்பை மட்டும் நிறுத்துப் பார்க்காமல் பத்து நிரப்பைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். மின்விசிறிக் காற்று பட்டால் தராசு பொய் சொல்லும்.

9 மி.மீ.யில் வேகமான மருந்து எடுத்தால் தோட்டாவின் மொத்த நீளத்தையும் விடாமல் கவனிக்க வேண்டும். சாமி சொல்லும் அதிகபட்சம் 29.69 மி.மீ. புல்லட் கொஞ்சம் உள்ளே போனாலும் எரியும் இடம் சுருங்கி அழுத்தம் எகிறும், 9 மி.மீ.க்கு வரம்பு 35,000 பிஎஸ்ஐ. நிரப்பிய தோட்டாவின் மூக்கை மேசை விளிம்பில் கட்டைவிரலால் அழுத்தி, முன்னும் பின்னும் காலிப்பரால் அளந்து பாருங்கள். உள்ளே நகர்ந்தால் கேஸின் பிடி போதவில்லை. பிரைமர் தட்டையாவதைப் பார்த்து அழுத்தத்தை ஊகிப்பது ரைஃபிளிலேயே அரைகுறை; கைத்துப்பாக்கியில் அது தெரியும் முன்பே வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். புல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வாங்குங்கள். அட்டவணையின் உச்ச வேகத்தை எட்டிவிட்டால், எடை உச்சத்துக்குக் கீழே இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் ஊற்றி மூடுங்கள். இரட்டை அடிப்படை மருந்தில் உள்ள நைட்ரோகிளிசரின் அளவியின் பிளாஸ்டிக் குடுவையை அரித்து மங்கலாக்கும், அதைவிடப் பெரிய ஆபத்து மறுநாள் அது எந்த மருந்து என்ற சந்தேகம். சந்தேகம் வந்த மருந்தை நிரப்பக் கூடாது. அசல் டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். காற்றுப் போகாத இரும்புப் பெட்டகம் வேண்டாம். தீப்பிடித்தால் அது வெடிகுண்டாகும், மரப்பெட்டி போதும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதி என்எஃப்பிஏ 495 வீட்டில் அசல் டப்பாவில் 20 பவுண்டு வரை அனுமதிக்கிறது, அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குல மரப்பலகைப் பெட்டி கேட்கிறது. திறந்ததும் அமில நெடியோ, செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் அது கெட்டுப்போன மருந்து.

முதல் தடவை ஒரு பவுண்டு டப்பா மட்டும் வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில், உங்கள் புல்லட்டோடு ஒத்துவந்த பிறகு எட்டு பவுண்டு. டப்பாவில் இருக்கும் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) தோட்டாப் பெட்டியின் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், கூடவே எடை, புல்லட், பிரைமர், நீளம், தேதி. எட்டு பவுண்டு டப்பாவின் லாட் எண் வேறாக இருந்தால், அதே பெயர்தானே என்று பழைய எடைக்கே போகாமல், தொடக்க எடையிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.