மாலை 3 முதல் 6 வரை: கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 3
பள்ளி முடிந்தபின் மாநில நிதியில் நடக்கும் வகுப்பு. 20 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், மாலை 6 வரை திறந்திருக்க வேண்டும், வீட்டுப்பாட உதவி கட்டாயம். சமூகநீதிப் பாடத்துக்கு மிஞ்சுவது 45 நிமிடம். அதை 4.30க்கே வைத்துவிட வேண்டும். 5 மணிக்கு மேல் தம்பி தங்கையை அழைத்துப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். தின்பண்டம் முதலில், பசித்த வயிற்றில் உரிமைப் பேச்சு ஏறாது.

லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஆண், பெண் பேதமின்றிக் குறிக்கும் 'லத்தீனெக்ஸ்' என்ற சொல்லைப் பலகையில் எழுத வேண்டாம். அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ மையம் 2024இல் வெளியிட்ட கணக்கில், அந்த வம்சாவளிப் பெரியவர்களில் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் 4% மட்டுமே. அவரவர் சொல்லை அவரவரே எழுதட்டும்: மெக்சிகன், சிகானோ (மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்), சல்வடோரன்.

பிப்ரவரி 10
நல்ல கல்வி கேட்டு மெக்சிக வம்சாவளி மாணவர்கள் இங்கே நடத்திய 1968 மார்ச் வெளிநடப்பு. கார்ஃபீல்டு, ரூஸ்வெல்ட், லிங்கன் பள்ளிகள், மாணவர்களுக்குத் துணை நின்ற ஆசிரியர் சால் காஸ்ட்ரோ. வீரக்கதையாகச் சொன்னால் கைதட்டலோடு முடிந்துவிடும். அன்றைய கோரிக்கைகளைத் துண்டுத்தாளில் கொடுத்து, 'கிடைத்தது', 'பாதி', 'இல்லை' என்று சுவரில் ஒட்டச் சொன்னால் விவாதம் பிடித்துக்கொள்ளும். இருமொழிக் கல்வி எப்போதும் 'பாதி'க்கும் 'இல்லை'க்கும் நடுவில் தொங்கும்.

பிப்ரவரி 24
பிள்ளைகள் தம் பள்ளியைப் பற்றி எடுக்கும் கணக்கெடுப்பு. "கழிப்பறை மோசம்தானே?" என்பது கேள்வியே அல்ல, பதிலையும் அதுவே சொல்லிவிடுகிறது. "நேற்று எத்தனை முறை பூட்டியிருந்தது?" என்று கேட்டால் எண் கிடைக்கும். 8 கேள்வி போதும், இரண்டு மொழியிலும்.

பெயர், முகவரி, குடியுரிமை எதுவும் கேட்கக் கூடாது. குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடமுண்டு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் தாளில் ஏறிய தகவல் யார் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை.

மார்ச் 10
மாவட்டக் கல்விக் குழு முன் பேசும் ஒத்திகை. பேச்சு 2 நிமிடம்: ஓர் எண், ஒரு காட்சி, ஒரு கோரிக்கை. பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் குழு முடிவெடுக்க கலிஃபோர்னியச் சட்டம் விடாது. உறுப்பினர்கள் பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளோ அலட்சியம் என்று எடுத்துக்கொண்டு மறுவாரம் வரமாட்டார்கள். பள்ளி தொடர்பான விஷயத்தை நிரலில் சேர்க்கக் கோரும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும் என்பதால், கடிதம் அதற்கும் பல நாள் முந்திப் போய்ச் சேர வேண்டும்.