சிங்கப்பூரில் ஆட்டிசம் பிள்ளையோடு: முதலில் எங்கே போவது?

வந்த புதிதில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் முக்கால்வாசி, சொன்னவர்களுக்குப் பொருந்தியவை. "முதல்ல பாலிகிளினிக் போங்க, அங்க லெட்டர் வாங்கிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரி" என்றார் எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டு அக்கா. அவர் இங்கேயே பிறந்தவர். பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்தின் கடிதத்தோடு கேகே மருத்துவமனைக்கோ, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ போனால் அவர் பிள்ளைக்கு மானியக் கட்டணம் கிடைக்கும். அந்த மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். என் கணவருக்கு இபி என்ற வேலை பாஸ், எனக்கும் மகனுக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கான டிபி பாஸ். எந்த வாசல் வழியாகப் போனாலும் எங்களுக்கு முழுக் கட்டணம். அப்புறம் சலுகைக்கான வரிசையில் நாங்கள் எதற்கு நிற்க வேண்டும்? அதனால், ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு இந்த ஊருக்கு வருகிறவர்கள், நல்ல தெரபி எங்கே என்று விசாரிப்பதற்கு முன், நம்முடைய பாஸுக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்துவிடுவது நல்லது.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கே 'ஈபிக்' என்ற ஆரம்பகாலப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. மருத்துவர் பரிந்துரைக்க, எஸ்ஜி எனேபிள் என்ற அமைப்பின் வழியாக ஒரு மையத்தில் இடம் ஒதுக்குவார்கள். 2019இல் கட்டணத்தையும் நன்றாகவே குறைத்தார்கள். இதிலும் மானியம் குடியுரிமையைப் பொறுத்தது. மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த விதியும் குடிமக்களின் பிள்ளைகளுக்கானது. ஆட்டிசம் பிள்ளைகளுக்காக 2004இல் தொடங்கிய பாத்லைட் பள்ளி போன்றவற்றைப் பற்றிப் படித்துவிட்டு ஊரிலிருந்து ஆசையோடு கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். அங்கே நாட்டின் பொதுப் பாடத்திட்டத்தையே வாழ்க்கைத் திறன்களோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள், அருமையான பள்ளிதான். ஆனால் வெளிநாட்டவருக்கு இடமும் கட்டணமும் வேறு கணக்கு.

எங்களுக்கு மிஞ்சியது தனியார் தெரபி. ஒரு மணி நேரத்துக்கு 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாது. 2021 மே முதல் டிபியில் இருப்பவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், வீட்டில் ஒரே சம்பளம். வாராவாரம் போக முடியாது. ஆகவே போகிற ஒவ்வொரு முறையும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தடவாமல், உள்ளே இருந்து பார்க்க அனுமதி கேட்டேன். பிள்ளையோடு என்ன செய்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், அவன் அடம்பிடிக்கும்போது எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து, வீட்டில் அதையே செய்தோம். ஃபிரிட்ஜ் கதவில் அன்றைய நாளின் வேலைகளை வரிசையாகப் படங்களாக ஒட்டினோம். இணையத்தில் எடுத்த பொம்மைப் படங்கள் அவனுக்குப் பிடிபடவில்லை. அவனுடைய பல்துலக்கி, அவன் தட்டில் இருக்கும் இட்லி, நாங்கள் ஏறும் பஸ் என்று போட்டோ எடுத்து ஒட்டியதும் காலையில் அழுகை பாதியாகக் குறைந்தது.

மொழி விஷயத்தில் மட்டும் நான் யார் சொன்னதையும் கேட்கவில்லை. "ரெண்டு மொழி குழப்பும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். இரு மொழிகளோடு வளர்வதால் ஆட்டிசம் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அதோடு, என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. வீடியோ காலில் "சாமி, சாப்டியா?" என்று அவர் கேட்க, இவன் பதிலுக்கு எம்ஆர்டி ரயில் அறிவிப்பை ராகம் மாறாமல் ஒப்பிப்பான். "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆரம்பத்தில் மழுப்பிய அத்தைதான், இப்போது அவன் ஒப்பிக்கும் ஸ்டேஷன் பெயர்களைக் கூடவே சொல்லி விளையாடுகிறார்.

பாஸ் எதுவென்று கேட்காத இடங்களும் இந்த ஊரில் நிறைய. பொங்கோல் வட்டார நூலகத்தில், சத்தம் தாங்காத பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒதுங்கி இருக்கச் சின்னச் சின்ன அமைதிக் கூடுகள் வைத்திருக்கிறார்கள். ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் எனேபிளிங் வில்லேஜ் வளாகத்தில் யாரும் நம் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவே பெரிய ஓய்வு. கோயிலுக்குக் கூட்டம் இல்லாத வாரநாள் காலையில், காதுக்கு ஹெட்போனோடு போகிறோம். நாதஸ்வரம் அவனுக்குப் பிடிக்கும், மணிச்சத்தம் ஆகாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பக்கமே தலைவைப்பதில்லை. தேக்கா மார்க்கெட்டுக்கும் காலையிலேயே போய் வந்துவிடுவோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா எங்களுக்குக் கிடையாது. பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் திறந்த இடமான வாய்ட் டெக்கில் அவன் கையை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினால், கீழ்வீட்டு அக்கா இப்போது மற்றப் பிள்ளைகளிடம் அவரே எடுத்துச் சொல்லிவிடுகிறார்.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. அங்கே எடுத்த மதிப்பீட்டு அறிக்கை, தெரபி குறிப்புகள், பழைய பள்ளியின் கடிதம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் கைப்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய அரசின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு இங்கே சலுகை கிடையாது, ஆனால் அந்த அறிக்கைகளைப் புது மருத்துவர் நிச்சயம் கேட்பார். உங்கள் பிள்ளை தினமும் அதே மாதிரிதான் வேண்டும் என்று கேட்கும் பிஸ்கட் இருந்தால், அதிலும் இரண்டு பாக்கெட்.