பட்டம் கேட்காத ஃபெல்லோஷிப்: ஒரு பராமரிப்பாளரின் அனுபவம்

ஃபெல்லோஷிப், அதாவது ஒரு விஷயத்தை ஆராய்ந்து வரக் கொடுக்கும் உதவித்தொகை, என்றாலே பேராசிரியர்கள் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மறதி நோய் வந்த முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் மையம் ஒன்றில் வேலை செய்கிறேன். குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, ஒரே கேள்விக்குப் பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே பதில் சொல்வது, என் தகுதி இவ்வளவுதான். பட்டம் கேட்காத ஃபெல்லோஷிப்களும் உண்டு என்று உடன் வேலை செய்பவர் சொன்னபோது நம்பவில்லை.

தேடிப் பார்த்தால் உண்மைதான். 1965-ல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் சர்ச்சில் இறந்ததும் பொதுமக்கள் கொடுத்த நன்கொடையை வைத்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் அவர் பெயரில் தொடங்கிய ஃபெல்லோஷிப்கள் இன்றும் நடக்கின்றன. விவசாயத்தில் இருப்பவர்களுக்கென்றே நஃபீல்ட் உதவித்தொகை இருக்கிறது, பிரிட்டனில் 1947 முதல். நம் வேலையில் நாம் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிக்கலை வேறு நாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று சில வாரங்கள் போய்ப் பார்த்துவிட்டு, எல்லோரும் படிக்கும்படி அறிக்கை எழுதவேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நான் விண்ணப்பித்ததும் இந்த வகையில் ஒன்றுக்குத்தான். முதல் தடவை நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. கோபம் வந்தது. சில மாதம் கழித்து விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது: 'ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் முதியோர் பராமரிப்பு முறைகள்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன், ஆறு வாரத்தில் இதில் எதைப் பார்ப்பது? மறுவருஷம் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கினேன். மறதி நோய் வந்தவரை வெளியே அழைத்துவரக் கூச்சப்படும் குடும்பங்களை எப்படி வரவழைப்பது? தினமும் என் முன்னால் நிற்கிற கேள்வி அது, அதனால் எழுதவும் சிரமப்படவில்லை.

நேர்காணலில், இதையெல்லாம் இணையத்திலேயே படிக்கலாமே, எதற்கு நேரில் போகவேண்டும் என்றார்கள். கட்டாயம் வரும் கேள்வி இது, தயாராகப் போங்கள். நான் சொன்னது: கட்டுரையில் முறைதான் இருக்கும், வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்க்கிறவரை உள்ளே அழைப்பவர் என்ன செய்கிறார் என்பது இருக்காது. அப்புறம், தேர்வாகும் முன்பே, நான் போக நினைத்த நாடுகளில் இந்த வேலை செய்பவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி 'வாருங்கள்' என்ற பதிலைக் கையில் வைத்திருந்தேன். பத்தொன்பது பேருக்கு எழுதினேன், பதில் போட்டவர்கள் ஏழு பேர். அந்த ஏழே போதுமானதாக இருந்தது. தேர்வானேன், கிளம்பினேன்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் 1997-ல் பெரே மீசன் என்ற உளவியலாளர் தொடங்கியது அல்சைமர் கஃபே. அல்சைமர் என்பது மறதி நோயில் ஒரு வகை. நோயாளி, குடும்பத்தார், மருத்துவர் எல்லோரும் மாதம் ஒருமுறை ஒரே அறையில் கூடுவார்கள். சிறிது நேரம் பேச்சு, இடைவேளை, பிறகு கேள்வி பதில். இதைப் போகும் முன்பே படித்திருந்தேன். படிக்காதது ஒன்று: ஒரு வயதான அம்மா காபியில் சர்க்கரை போட்டார், மறுபடி போட்டார், மூன்றாவது தடவை கை போகும்போது கணவர் பேச்சை நிறுத்தாமலே கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மேஜையில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூச்சம் போவதற்கு அந்தப் பார்க்காமல் இருத்தல்தான் வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜப்பானில் வேறு வழி. நோய்க்கு முன்பு இருந்த பெயரின் எழுத்துகளிலேயே முட்டாள் என்ற பொருள் இருந்ததால் 2004-ல் அரசு அந்தச் சொல்லையே மாற்றியது. மறுவருஷம், சாதாரண மக்களுக்கு 90 நிமிட வகுப்பு எடுத்து 'ஆதரவாளர்' ஆக்கும் திட்டம் வந்தது. அதற்கு அடையாளமாக முன்பெல்லாம் கையில் ஆரஞ்சு வளையம் கொடுத்தார்கள். வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வகுப்பில் உட்காருகிறார்கள். நாம் குடும்பத்துக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வீதியை விட்டுவிடுகிறோமே என்று தோன்றியது.

திரும்பி வந்தபின் அறிக்கைதான் என்னைப் படுத்தியது. முதல் வரைவு வெறும் பயணக் கட்டுரை, சர்க்கரைக் கிண்ணம் கூட அதில் இல்லை! மாற்றி எழுதி முடித்து எங்கள் மைய நிர்வாகத்திடம் கொடுத்தால் 'நல்லது, வையுங்கள்' என்றார்கள். இன்றுவரை அங்கே யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இப்படித் தூங்கும் அறிக்கைகள் நிறைய, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதே அறிக்கையை எங்கோ ஒரு சிறு நூலகத்தில் வேலை செய்பவர் படித்துவிட்டு, இப்படி ஒரு கூடுகைக்கு நாற்காலிகளை வட்டமாகப் போடுவதா மேஜை மேஜையாகவா என்று கேட்டு எழுதினார். மேஜை மேஜையாக என்று பதில் போட்டேன்.

நாங்களும் மாதக் கூடுகை தொடங்கினோம். முதல் மாதம் வந்தது மூன்று பேர், அதில் இரண்டு பேர் எங்கள் ஊழியர்களே. ஐந்தாம் மாதம் ஒருவர் அப்பாவைக் கைபிடித்து அழைத்துவந்து வாசலிலேயே நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பக்கத்து நாற்காலியை மட்டும் கொஞ்சம் இழுத்துப் போட்டேன்.