மூடி வெச்சு அழகு பாக்கவா ஸ்போர்ட்ஸ் கார்?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறேன்னு சொன்னாலே ஒரு மாதிரி பாப்பாங்க, அதுவும் செகண்ட் ஹேண்ட், அதையும் தினமும் வேலைக்கு எடுத்துட்டுப் போகப் போறேன்னு சொன்னா அவ்ளோதான், இவனுக்கு முத்திருச்சுன்னு முடிவே பண்ணிடுவாங்க. "லீவு நாள்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கவர் போட்டு வைப்பா, அதான் அந்த வண்டிக்கு மரியாதை"ன்னு ஆளாளுக்கு அட்வைஸ் வேற. நான் வெச்சிருக்கிறது மாஸ்டா எம்எக்ஸ்-5, மூணாவது தலைமுறை, என்சின்னு சொல்லுவாங்களே அது, 2005ல இருந்து 2015 வரைக்கும் வந்த மாடல். ரெண்டே சீட்டு, 2 லிட்டர் இன்ஜின், மேனுவல் கியர், மேல துணிக் கூரை. மழை, வெயில், டிராஃபிக் எல்லாத்துக்கும் எனக்கு அதுதான் வண்டி, இன்னொரு வண்டி கிடையாது. ஏன்டா இப்படின்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், இந்த மாதிரி வண்டிங்க ஓடி கெட்டதை விட நின்னு கெட்டதுதான் ஜாஸ்தி.

சும்மா பேச்சுக்கு சொல்லல. நிறுத்தியே வெச்சா பேட்டரி இறங்கும், அலாரமும் கம்ப்யூட்டரும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டே இருக்கும்ல. பிரேக் டிஸ்க்ல துரு ஏறி பேடு ஒட்டிக்கும், டயர் ஒரே பக்கமா அமுங்கி சப்பையாகிடும், ரப்பர் சீல் எல்லாம் காஞ்சு வெடிக்கும், டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பழசாகி பிசுபிசுன்னு ஆகும், எலி வந்து வயர் கடிச்சா அது தனிக் கதை. இதுல பெரிய கொடுமை என்னன்னா "வாராவாரம் ஒரு பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்ருவேங்க"ன்னு விக்கிறவங்க பெருமையா சொல்றதுதான். கேட்டாலே எனக்கு பகீர்னு இருக்கும். பெட்ரோல் எரிஞ்சா கூடவே தண்ணி ஆவியும் வரும், குளிர்ந்த இன்ஜின்ல அது ஆயில்லயும் சைலன்சர்லயும் போய்ப் படியும், பத்து நிமிஷ சூட்டுல அது வெளியேறவே செய்யாது, அடுத்த வாரம் மறுபடி பத்து நிமிஷம், மறுபடி தண்ணி. ஆயில் மூடியைக் கழட்டிப் பாத்தா உள்பக்கம் மயோனைஸ் தடவின மாதிரி வெளுப்பா இருக்கும், அது இந்த வேலைதான்.

அதனால ரொம்ப கம்மியா ஓடின வண்டின்னு விளம்பரம் பாத்தா நான் வாயைப் பிளக்குறது இல்ல. பத்துப் பதினஞ்சு வருஷத்துப் பழைய வண்டி, மீட்டர்ல கிலோமீட்டர் ரொம்ப கம்மி, அதுக்காக விலை ஜாஸ்தின்னா அதுக்கு ரெண்டு மடங்கு ஓடி, ஒழுங்கா சர்வீஸ் ஃபைல் வெச்சிருக்கிற வண்டியை நான் கண்ணை மூடிட்டு எடுப்பேன். சரி கண்ணை மூடிட்டு இல்ல, கீழ படுத்துப் பாத்துட்டு எடுப்பேன்.

வேற வண்டியே பாக்கலையான்னா பாத்தேன், ஆசை யாரை விட்டுச்சு. ஹோண்டா எஸ்2000 மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு, 1999ல வந்தது, டர்போ எதுவும் இல்லாம 2 லிட்டர் இன்ஜின் 9000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 9000 சுத்து வரைக்கும் கத்தும், ஆனா அதோட உயிரே 6000க்கு மேலதான் இருக்கு, ஆபீஸ் டிராஃபிக்ல யாரு 6000க்கு மேல போறது, போதாக்குறைக்கு இப்ப அதையெல்லாம் பழைய கார் சேகரிக்கிறவங்க எடுத்து பூட்டி வெச்சுக்கிட்டதால விலையும் எங்கயோ போயிடுச்சு. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரி இன்ஜின், பிஸ்டனே கிடையாது, நாலு பேர் உக்காரலாம், ஓட்டவும் சுகம். ஆனா உள்ள இருக்கிற சீலுக்கு மசகு போடுறதுக்காக அது ஆயிலையும் சேத்து எரிக்கிற மாதிரிதான் வடிவமைச்சிருக்காங்க, பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியையும் எடுத்துப் பாத்துக்கணும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி நாலடி நகத்தி ஆஃப் பண்ணா பெட்ரோல் மிதந்து பிளக் நனைஞ்சு மறுபடி ஸ்டார்ட் ஆகாம அடம்பிடிக்கும்னு அதை வெச்சிருக்கிறவங்க எல்லாருமே சொல்லுவாங்க, பார்க்கிங்ல தினமும் வண்டியை முன்ன பின்ன நகத்துற எனக்கு அது செட் ஆகாது.

போர்ஷே பாக்ஸ்டர் உண்மையில தினசரிக்கு நல்ல வண்டி, சிரிக்காதீங்க, இன்ஜின் நடுவுல இருக்கிறதால முன்னாடி ஒரு டிக்கி பின்னாடி ஒரு டிக்கி. முதல் தலைமுறை 1996ல வந்தது, இப்ப கைக்கு எட்டுற விலைக்கும் வந்துருச்சு. ஆனா அதுல ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு, இன்ஜினுக்குள்ள சுத்துற ஒரு தண்டைத் தாங்குறது, எல்லா வண்டியிலயும் போகாது, கொஞ்சம் வண்டியிலதான் போகும், போனா இன்ஜினையே கூட்டிட்டுப் போயிடும். முன்னாடியே மாத்திட்டா தப்பிச்சுக்கலாம், ஆனா தினமும் அந்த நெனப்போட சாவி திருப்ப எனக்கு மனசு வரல. எம்எக்ஸ்-5ல அந்த மாதிரி ராத்திரி தூக்கம் கெடுக்குற சமாச்சாரம் இல்ல. 1989ல ஆரம்பிச்ச வண்டி, 2016லயே பத்து லட்சத்தைத் தாண்டி தயாரிச்சுட்டாங்க, என்சில இருக்கிற இன்ஜினும் அவங்களோட சாதா குடும்பக் கார்கள்ல வந்த அதே இன்ஜின் குடும்பம்தான், டைமிங் பெல்ட் கிடையாது செயின், அதனால ஸ்பேர் கிடைக்கும், யார் வேணா கை வைக்கலாம்.

வண்டி பாக்கப் போகும்போது தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன், இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அவர் மொதல்ல பண்ண சொன்னது ஃபோன்தான். "நாம வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிடு தம்பி." போய் நின்னதும் விக்கிறவர்கிட்ட வணக்கம் கூட சரியா சொல்லல, நேரா பானட் மேல உள்ளங்கையை வெச்சார். ஒரு வண்டி வெதுவெதுப்பா இருந்துச்சு. "சொல்லியும் சூடு பண்ணி வெச்சிருக்காங்கன்னா குளிர்ல அது என்ன சத்தம் போடுதோ, வா போலாம்." அவ்ளோதான், டெஸ்ட் டிரைவே இல்லாம திரும்பி வந்தோம்.

அப்புறம் டயர். டயர் ஓரத்துல குட்டியா ஒரு ஓவல் கட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 2314ன்னு இருந்தா 2014ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பள்ளம் ஆழமா பளபளன்னு இருக்கும், ஆனா நம்பரைப் பாத்தா பத்து வருஷத்துப் பழசா இருக்கும், ரப்பர் கல்லு மாதிரி ஆகி மழையில வழுக்கி விட்டுரும். நாலு டயரும் நாலு பிராண்டா, அதுவும் பேரே கேள்விப்படாத பிராண்டா இருந்தா அந்த ஓனர் கண்ணுக்குத் தெரியாத இடத்துல எவ்ளோ செலவு பண்ணிருப்பாருன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்கேனர் விஷயம். இன்னொரு வண்டி, அதோட கம்ப்யூட்டர்ல இருக்கிற எரரைப் படிக்கிற ஓபிடி சாக்கெட்ல ஸ்கேனரைச் சொருகினாரு, எரர் எதுவும் இல்ல, நான் சந்தோஷமாயிட்டேன். அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டுனார், ரெடினெஸ்னு ஒண்ணு, வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சிருச்சான்னு காட்டுறது. அதுல பாதிக்கு மேல "முடியல"ன்னு இருந்துச்சு. அப்படின்னா பேட்டரியைக் கழட்டி மாட்டிருக்கணும், இல்ல எரர் எல்லாத்தையும் இப்பதான் அழிச்சிருக்கணும். விக்கிறவரைப் பாத்தாரு, அவர் வானத்தைப் பாத்தாரு. பெயிண்ட் கனம் பாக்குற சின்ன மெஷினும் வெச்சிருந்தார், கம்பெனி பெயிண்ட்னா பெரும்பாலும் 100ல இருந்து 150 மைக்ரான் வரும், ஒரு கதவு மட்டும் 400, 500ன்னு காட்டுச்சுன்னா அடிபட்டதை மறைக்க அடில பட்டி பூசிருக்காங்க. கிளட்சுக்கு ஒரு சோதனை, மெதுவா போகும்போது மேல் கியர்ல போட்டு ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கிறது, வண்டி வேகம் ஏறாம ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுச்சுன்னா கிளட்ச் வழுக்குது. கடைசியா சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாத்தார். கூரையில விழுற தண்ணி வடியிற ஓட்டை இந்த வண்டிகள்ல சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் இருக்கு, இலை தழை போய் அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள எறங்கும், அப்புறம் கீழ்ப்பலகையில துரு. நான் எடுத்த வண்டியில கார்ப்பெட் காஞ்சு இருந்துச்சு, மீட்டர்ல கிலோமீட்டர் ஜாஸ்தி, பில்லு ஒரு கட்டு. எடுத்துட்டேன்.

தினமும் ஓட்டுறதுல மொதல்ல கத்துக்க வேண்டியது பொறுமை. டேஷ்போர்டுல காட்டுற சூடு இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணியோடது, அது அஞ்சு நிமிஷத்துல நடுவுக்கு வந்துரும், ஆயில் சூடாக அதைவிட ரொம்ப நேரம் ஆகும், பத்து பதினஞ்சு நிமிஷம் கூட பிடிக்கும். அது வரைக்கும் நான் 3000 ஆர்பிஎம் தாண்ட மாட்டேன், பின்னாடி யாரு ஹாரன் அடிச்சாலும் சரி. ஸ்டார்ட் பண்ணி நின்ன இடத்துலயே உறுமவிட்டு சூடு பண்றதும் தேவையில்ல, மெதுவா ஓட்டிட்டே போனா தானா சூடாகும், கியர்பாக்ஸும் சேர்ந்து சூடாகும். ஆபீஸ் ரொம்ப பக்கம்னா சுத்துவழில போங்க, காரணம் கேட்டா இன்ஜின் ஆரோக்கியம்னு சொல்லிக்கலாம், நான் அப்படித்தான் சொல்லிட்டு திரியுறேன். நல்லா சூடான பின்னாடி அப்பப்ப முழுசா ஒரு இழு இழுத்தும் விடணும், பொத்திப் பொத்தி ஓட்டுறதும் நல்லதில்ல.

கஷ்டம் இல்லையான்னா இருக்கு. ஏறி உக்காரதில்ல, இறங்கி உக்காரது. முட்டி வலி இருக்கிறவங்க ஷோரூம்ல ஒருவாட்டி உக்காந்து பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, பத்துவாட்டி ஏறி இறங்கிப் பாருங்க. ஸ்பீட் பிரேக்கர் பாத்தா கொஞ்சம் சாய்வா ஏத்தணும், பேஸ்மெண்ட் பார்க்கிங் சரிவுல முன்னாடி பம்பரோட அடி உதடு தரையில உரசும், அந்த கரகரன்னு சத்தம் வரும்போது பல்லைக் கடிச்சுக்கணும். டிக்கி 150 லிட்டர்தான், ரெண்டு பேரோட வாரக்கடைசி பை போகும், பெரிய பெட்டி போகாது. ஸ்டெப்னி பெரும்பாலும் இருக்காது, பஞ்சர் கிட் ஒண்ணுதான். ஹைவேல துணிக் கூரைக்கு மேல காத்து சத்தம், பக்கத்து லாரியோட சக்கரம் நம்ம காது உயரத்துல சுத்தும். வீட்ல மூணாவது ஆள் இருந்தா பேச்சே இல்ல, இது உங்களுக்கான ஒரே வண்டி கிடையாது.

ஆனா டிராஃபிக்ல இது எப்படின்னு கேட்டா, இங்கதான் நிறைய பேர் நெனக்கிறதுக்கு நேர் எதிரா இருக்கும். என் வண்டி சுமார் 1100 கிலோ, 160 குதிரைத்திறன் பக்கம். சிக்னல்ல இப்ப வர்ற ஒரு நல்ல டர்போ குடும்பக் கார் என்னைத் தாண்டிட்டுப் போயிடும், போகட்டுமே. 400, 500 குதிரைத்திறன் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டாவது கியர்லயே ரோட்டோட வேக லிமிட் முடிஞ்சுரும், மீதி எல்லாம் சும்மா தூக்கிட்டுத் திரியுற சுமைதான். எனக்கு 50ல ஒரு வளைவு எடுக்கும்போதே ஸ்டீரிங்ல ரோட்டோட சொரசொரப்பு கைக்குத் தெரியுது. ரவுண்டானாவுக்கு முன்னாடி பிரேக் மிதிச்சுக்கிட்டே அதே காலோட ஓரத்தால ஆக்சிலேட்டரைத் தட்டி மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்குனா, குலுங்காம கியர் விழுந்தா, அன்னிக்கு மேனேஜர் என்ன சொன்னாலும் உறைக்காது. இந்த வித்தையெல்லாம் மாசத்துக்கு ஒரு நாள் ஓட்டுறவனுக்கு கைக்கு வராது, தினமும் ஓட்டுனாத்தான் வரும். கூரை வேற, நடுவுல ஒரே ஒரு கொக்கி, உக்காந்த இடத்துலயே கையால பின்னாடி தள்ளிடலாம், மழை நின்ன அடுத்த சிக்னல்ல திறந்துருவேன். ஈரத்தோட மடிச்சு நாள் கணக்கா மட்டும் விட்டுறாதீங்க, துணி பூஞ்சை பிடிச்சுரும்.

செலவு. யானையைக் கட்டி தீனி போடுற கதைன்னு பயமுறுத்துவாங்க, அது எந்த யானைங்கிறதைப் பொறுத்தது. விலை சரிவு முதல் ஓனர் தலையில போயிடுச்சு, அது நமக்கு லாபம். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும், வண்டி பாதி விலைக்கும் கீழ கிடைச்சாலும் ஸ்பேரும் லேபரும் புது வண்டி கணக்குலதான் வரும், போர்ஷே பழசானாலும் அதோட பிரேக் டிஸ்க் போர்ஷே விலைதான். சாஃப்டான ஸ்போர்ட்ஸ் டயர் சீக்கிரம் தேயும், பல வண்டியில முன்னாடி ஒரு அளவு பின்னாடி ஒரு அளவுன்னு இருக்கிறதால மாத்திப் போட்டு ஆயுளை இழுக்கவும் முடியாது, என்சில நாலும் ஒரே அளவுங்கிறதால தப்பிச்சேன். சம்மர் டயர் போட்டிருந்தா 7 டிகிரிக்குக் கீழ குளிர்ல அதோட பிடிமானம் குறைய ஆரம்பிச்சுரும், குளிர் ஊர்க்காரங்க ரெண்டு செட் வெச்சுக்கணும். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒருவாட்டி மாத்தணும், அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிரும், வண்டி ஓடுனாலும் ஓடலைன்னாலும். இன்சூரன்ஸை வண்டி பாக்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுருங்க, அட்வான்ஸ் கொடுத்துட்டு கேட்டா வயிறு எரியும்.

வாங்குற காசுல ஒரு பங்கை முதல் வருஷத்துக்குன்னு தனியா ஒதுக்கி வைங்க, எல்லா ஆயிலும், பெல்ட்டும், பேட்டரியும் வந்தவுடனே மாத்திட்டா அதுக்கப்புறம் கணக்கு உங்க கையில. எனக்கு இப்ப கிளட்ச் கொஞ்சம் மேல வந்து பிடிக்க ஆரம்பிச்சிருக்கு, இவ்ளோ டிராஃபிக்ல ஓட்டுறதுக்கு அது தேயத்தான் செய்யும். அண்ணன்கிட்ட காட்டுனேன், "எப்படியும் கியர்பாக்ஸை இறக்கப் போறோம், ரிலீஸ் பேரிங்கும் பின்னாடி ஆயில் சீலும் சேத்து போட்டுருவோம் தம்பி, அப்புறம் ஒருவாட்டி இறக்க என்னால முடியாது"ன்னுட்டார். அடுத்த வாரம் விடுறேன்.