ஓவியர் நின்ற இடம் எது?

இஸ்தான்புல் வந்தவர்கள் எல்லாம் ஹாகியா சோபியா வாசலில் வரிசையில் நிற்க, நான் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கரையோரத் தோபானே பேட்டைப் பக்கம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். இவான் ஐவசோவ்ஸ்கி 1856-இல் வரைந்த கான்ஸ்டான்டிநோபிள், அதாவது பழைய இஸ்தான்புல், காட்சி அது. 2012-இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்குப் போனது. துறையில் கூட்டம், படகுகள், மஞ்சள் வெயிலில் நுஸ்ரெத்தியே மசூதி. இதை மனுஷன் எங்கே நின்று பார்த்திருப்பார்?

மசூதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. டிராமை விட்டு இறங்கியதுமே குச்சிகுச்சியான இரண்டு மினாரெட்டுகள். 1826-இல் முடிந்த கட்டடம். கட்டியவர் கிரிகோர் பால்யான், ஆர்மீனியர். வரைந்தவரும் கிரிமியாவின் ஃபியோதோசியாவில் பிறந்த ஆர்மீனியர்தான்.

கடல்தான் அகப்படவில்லை. நடுவே கலாட்டாபோர்ட்டின் கடைகள், கப்பல் முனையம். அன்றைக்கென்று ஒரு சொகுசுக் கப்பல், அடுக்குமாடிக் குடியிருப்பைத் தண்ணீரில் இறக்கிவிட்டதுபோல. கப்பல் நிற்கும்போது கரையோரத்தை அடைத்துவிடுகிறார்கள்.

மறுநாள் தோல்மாபாஹ்சே அரண்மனையை ஒட்டிய ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஐவசோவ்ஸ்கிக்கென்றே அங்கே ஒரு கூடம். ஒவ்வொரு படத்திலும் அலைகளுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறது. கிட்டப் போய்ப் பார்த்தும் சூட்சுமம் பிடிபடவில்லை. அலையை எதிரே வைத்துக்கொண்டு வரைய முடியாது என்பது அவர் கட்சி. பார்த்ததை மனதில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய், அறைக்குள் உட்கார்ந்து வரைவாராம். ஆக, இரண்டு நாளாக நான் தேடிய இடம் ஃபியோதோசியாவில் இருக்கிறது!

ஐரோப்பியர் கிழக்கு நாடுகளை வரைந்த கீழைத்தேய ஓவியம் என்றால் அந்தப்புரமும் பாம்பாட்டியும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவர் வேறு மாதிரி. சுல்தான்களே கேட்டு வாங்கிய ஓவியர் என்பதாலோ என்னவோ, இவர் படத்தில் ஊர் தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பொன்வெயில் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்தேன்.

சாயங்காலம் எதிர்க்கரை உஸ்குதாருக்குப் போகும் படகில் ஏறி, கண்ணாடிக் குவளையில் தேநீர் வாங்கிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். படகு நடுவே வந்தபோது ஊர் முழுக்க அதே மஞ்சள். ஜாஸ்தியெல்லாம் இல்லை. பக்கத்துப் பெரியவர் கடற்காகங்களுக்கு சிமித் என்ற எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துப் போடுவதிலேயே குறியாக இருந்தார். நான் திரும்பி நுஸ்ரெத்தியேயைத் தேடினேன். கப்பலுக்குப் பின்னால் ஒரு மினாரெட்டின் நுனி தெரிந்தது.